எடைக்கு எடை வைத்தால்: கார்பன் குழலும் எஃகுக் குழலும்

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், 3,000 மீட்டர் உயரம் வரைகூடத் துப்பாக்கியைச் சுமந்து ஏறுகிறார்கள். அங்கே அரை கிலோ குறைந்தாலும் பெரிய ஆறுதல். அந்த ஆறுதலைச் சொல்லித்தான் கார்பன் ஃபைபர் குழல்கள் விற்கப்படுகின்றன. 1995இல் யூட்டாவில் தொடங்கிய கிறிஸ்டென்சன் ஆர்ம்ஸ், மொன்டானாவின் ப்ரூஃப் ரிசர்ச் ஆகியவை இத்துறையின் முன்னணி நிறுவனங்கள். சாதாரண எஃகுக் குழலைவிட விலை இரண்டு மடங்குக்கும் மேல் போகிறது. அந்தப் பணத்துக்கு வேட்டைக்காரருக்கு என்ன கிடைக்கிறது?

முழுக்கக் கார்பனால் ஆன குழல் எதுவும் சந்தையில் இல்லை. மெல்லியதாகக் கடைந்த எஃகுக் குழலின்மேல் ரெசினில் தோய்த்த இழையைச் சுற்றி, சூடேற்றி இறுகவைக்கிறார்கள். குண்டைச் சுழற்றும் பள்ளங்களும் தோட்டா அமரும் அறையும் உள்ளிருக்கும் எஃகில்தான் உள்ளன. எனவே துல்லியத்தின் அடிப்படை, அந்த எஃகு எவ்வளவு நேர்த்தியாகக் கடையப்பட்டது என்பதே. கொதிக்கும் வாயு அரிப்பதும் அதே எஃகைத்தான். மேலே சுற்றிய இழை அந்த அரிப்பைத் தடுக்காது.

எடையில்தான் ஒப்பீடு பெரும்பாலும் தடம் மாறுகிறது. சுமார் 60 செ.மீ. நீளமும் பருத்த வாயும் கொண்ட எஃகுக் குழல் 2 கிலோவைத் தாண்டும். அதே பருமனில் கார்பன் சுற்றியது ஏறக்குறைய 1.3 கிலோ. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் மலையேறும் வேட்டைக்காரர் பருத்த எஃகுக் குழலைத் தூக்கிப் போவதில்லை. ஒல்லியான குழலையே தேர்ந்தெடுப்பார். அதுவும் ஏறக்குறைய அதே 1.3 கிலோதான். கிம்பர் நிறுவனத்தின் மவுன்டன் அசென்ட் ரைஃபிள் எஃகுக் குழலோடே சுமார் 2.2 கிலோவில் நிற்கிறது.

எடை சமமானால் கார்பனுக்கு மிஞ்சும் உண்மையான பலம் விறைப்பு. உருளையின் பருமன் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கும் விறைப்பு பதினாறு மடங்கும் ஆகும். எஃகின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கே கொண்ட கார்பன், எடையை அதிகம் ஏற்றாமல் பருமனைக் கூட்டுகிறது. குழலின் வாயில் வெடிச்சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸர் மாட்டுகிறவருக்கு இது மெய்யான பயன். ஒல்லியான எஃகுக் குழலில் மரை வெட்டினால் அதைத் தாங்கும் விளிம்பு போதாமல் போகலாம். நுனியில் தொங்கும் பாரத்தால் குண்டு விழும் இடமும் மாறலாம்.

வெப்பத்தில் விளம்பரம் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. இழையின் நீளவாக்கில் வெப்பம் ஓடும். குறுக்கே ரெசின் அதை மறிக்கும். வெளிப்புறம் தொடுவதற்குக் குளிர்ச்சியாக இருப்பதால் மட்டும் உள்ளிருக்கும் எஃகு ஆறிவிட்டது என்று எண்ணக்கூடாது. ஸ்கோப்பின் முன் எழும் கானல் குறைவது மட்டும் நிச்சயமான நன்மை. அதுவும் தொடர்ந்து பல தோட்டாக்களைச் சுடுகிறவருக்கே உதவும்.

வேட்டையில் அப்படி நேர்வதில்லை. குளிர்ந்த குழலிலிருந்து ஒன்று, மிஞ்சினால் இரண்டு வெடிதான். எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஒரு ஜாணுக்கும் அகலமானது. 300 மீட்டரில் ஒன்பது செ.மீ. வட்டத்துக்குள் சுடும் ஒல்லியான எஃகுக் குழலே அதற்குப் போதும். முதல் வெடிக்குக் கார்பனின் விறைப்பு கூட்டித் தருவது சொற்பம்.

உறுதியையும் பார்க்க வேண்டும். எஃகில் விழுந்த பள்ளம் கண்ணுக்குத் தெரியும். கார்பனில் பலமாக அடிபட்டால் அடுக்குகள் உள்ளுக்குள் பிரிந்தும் மேற்பரப்பு ஒழுங்காகவே தோன்றலாம். துருப்பிடிக்காதது கார்பனின் கூடுதல் நன்மை. ஆனால் துருப்பிடிக்கா எஃகிலும் அதைப் பெருமளவு பெறலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது: சப்ரஸர் மாட்டி, மலையும் ஏறி, மைதானத்தில் நெடுந்தொலைவுக்குத் தொடர்ந்தும் சுடுகிற ஒருவர் ஒரே துப்பாக்கியை வைத்துக்கொள்ள விரும்பினால், கார்பன் குழல் அதன் விலைக்குத் தகும். மற்ற வேட்டைக்காரர்களுக்கு நன்கு கடைந்த ஒல்லியான எஃகுக் குழலே சரியான தேர்வு. மிஞ்சும் பணத்தைத் தோட்டா வாங்கிப் பயிற்சியில் செலவிடுங்கள். விலங்கை வீணாகக் காயப்படுத்தாமல் ஒரே வெடியில் வீழ்த்தும் திறன் பயிற்சியால்தான் வரும்.