49/91: ஒரு திருத்தம்

சில மாதங்களுக்கு முன் எழுதிய குறிப்பு ஒன்றில், 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற பழைய சீனக் கணித நூலில் வரும் பின்னம் சுருக்கும் முறையை, யூக்ளிட் வழியின் அரைவேக்காட்டு வடிவம் என்று தள்ளிவிட்டிருந்தேன். அது அவசரத் தீர்ப்பு.

நூல் ஹான் காலத்தில் தொகுக்கப்பட்டது. இந்த விதி வருவது வயல் அளக்கும் முதல் அத்தியாயத்தில். விஷயம் இவ்வளவுதான்: தொகுதி, பகுதி இரண்டையும் பாதியாக்க முடிந்தால் பாதியாக்க வேண்டும். முடியாவிட்டால் பெரியதிலிருந்து சிறியதை மாற்றி மாற்றிக் கழித்துக்கொண்டே போக வேண்டும். இரண்டும் சமமானதும் நிறுத்தி, அந்தச் சம எண்ணால் வகுத்தால் முடிந்தது.

கொடுத்திருக்கும் கணக்குகள் இரண்டே இரண்டு: 12/18, 49/91. முதலாவதை யார் வேணும்னாலும் போட்டுருவாங்க. இரண்டாவதில்தான் இருக்கு சங்கதி. 91ஐப் பார்த்ததும் பகா எண் மாதிரியே தோன்றும். 2, 3, 5 என்று வகுத்துப் பார்த்து அடித்துப் பழகிய நான் உட்பட பலரும் இதை அப்படியே விட்டிருப்போம். இந்த வழியில் வாய்ப்பாடே வேண்டாம். 91−49=42. 49−42=7. பிறகு 42லிருந்து ஏழேழாகக் கழித்தால் 35, 28, 21, 14, 7. இரண்டு பக்கமும் 7. விடை 7/13.

ஏன் இது சரி என்று மூலநூல் சொல்வதில்லை. கி.பி. 263இல் உரை எழுதிய லியூ ஹுய்தான் சொல்கிறார்: கழிபடும் எண்கள் எல்லாமே அந்தச் சம எண்ணின் மடங்குகள். நாலு பக்கம் எழுத வேண்டியதை ஒரே வீச்சில் முடித்துவிட்டார் மனுஷன்.

என் பழைய புகார் வேகம் பற்றியது. 3/1000க்கு முந்நூறு தடவைக்கு மேல் கழிக்கணும். வகுத்து மீதி எடுத்தால் இரண்டே படி. புகார் நியாயம்தான். ஆனால் "பாதியாக்கு" என்ற முதல் வரியை நான் கண்டுகொள்ளவே இல்லை. 1967இல் ஜோசப் ஸ்டைன் வெளியிட்ட மீப்பெரு பொதுக் காரணி வழிமுறையிலும் பாதியாக்கலும் கழித்தலும் மட்டும்தான். அவர் ஒவ்வொரு கழித்தலுக்குப் பிறகும் பாதியாக்குகிறார், சீன நூலோ தொடக்கத்தில் மட்டும். ஆகவே இரண்டும் ஒன்றே என்று பெருமை பேசக்கூடாது. ஆனாலும் ஸ்டைன் வழியில் அதே 3/1000க்கு ஆறு கழித்தல், ஒன்பது பாதியாக்கல் போதும். போட்டுப் பாருங்க.

பழைய குறிப்பைத் திருத்தியாச்சு. "அரைவேக்காடு" போயிடுச்சு. "மெதுவானது" மட்டும் அப்படியே இருக்கு.