தாங்கல் கரைசலும் ஒற்றைச் சமன்பாடும்

தாங்கல் கரைசலைக் கற்பிக்க ஹென்டர்சன்–ஹாசல்பால்க் சமன்பாடே போதும் என்று வாதிடுவோர், அதன் எளிமையையும் கணக்குகளுக்கு உடனடியாக விடை தரும் ஆற்றலையும் சான்றாகக் காட்டுகின்றனர். அவ்விரு சிறப்புகளையும் மறுக்க இயலாது. 1908இல் லாரன்ஸ் ஹென்டர்சன் கண்ட தொடர்பைக் கார்ல் ஹாசல்பால்க் 1916இல் மடக்கை வடிவில் எழுதியதன் பயனாக, வலிமை குறைந்த அமிலத்தின் பிகேஏ மதிப்போடு, அதாவது அவ்வமிலம் பாதியளவு அயனியுற்றிருக்கும் பிஎச் மதிப்போடு, இணை காரத்துக்கும் அமிலத்துக்கும் உள்ள செறிவு விகிதத்தின் மடக்கையைக் கூட்டினாலே கரைசலின் பிஎச் கிடைத்துவிடுகிறது. வேண்டிய பிஎச் மதிப்பில் ஒரு கரைசலைத் தயாரிக்க இதைவிட நேரான வழி இல்லை.

எனினும், தாங்கல் கரைசலின் பணி, அமிலமோ காரமோ வந்து சேரும்போதும் தன் பிஎச் மதிப்பைப் பெரிதும் மாறாமல் காத்துக்கொள்வதாகும். அந்தக் காக்கும் ஆற்றல் எவ்வளவு என்பதைப் பற்றி, விகிதத்தை மட்டுமே அறிந்த இச்சமன்பாடு எதுவும் சொல்வதில்லை. ஒரு லிட்டர் நீரில் அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் தலா 0.1 மோல் இருந்தாலும், தலா 0.001 மோல் மட்டுமே இருந்தாலும், சமன்பாடு தரும் விடை 4.76 என்ற ஒரே எண்தான். இரண்டிலும் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால், முதல் கரைசலின் பிஎச் 4.67 அளவில் நிற்க, இரண்டாவதிலோ அசிட்டேட் முழுவதும் தீர்ந்து, எஞ்சிய அமிலத்தால் பிஎச் ஏறத்தாழ 2.05க்குச் சரிகிறது, வெறும் நீரில் அதே அமிலத்தைச் சேர்த்திருந்தால் கிடைப்பது 2. பெயரளவில் தாங்கல் கரைசலாகவும் செயலளவில் ஏறக்குறைய வெறும் நீராகவும் இருக்கும் ஒன்றை உண்மையான தாங்கல் கரைசலிலிருந்து பிரித்தறிய முடியாத கல்வியைப் போதுமானது என்று எவ்வாறு ஏற்பது?

இந்த வேறுபாட்டை அளக்கும் கருவி புதியதன்று. பிஎச் மதிப்பை ஓர் அலகு மாற்ற எவ்வளவு வலிமையான காரமோ அமிலமோ தேவை என்ற வீதத்தைத் தாங்கல் திறனாக 1922இலேயே டொனால்டு வான் ஸ்லைக் வரையறுத்துவிட்டார். அத்திறன் மொத்தச் செறிவைப் பொறுத்து உயரும். பிஎச்சும் பிகேஏவும் சமமாகும் இடத்தில் உச்சம் அடையும். அங்கிருந்து ஓர் அலகு விலகினாலே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பிகேஏவுக்கு இருபுறமும் ஓர் அலகு வரையே தாங்கல் கரைசல் பயன்படும் என்று மாணவர் மனப்பாடம் செய்யும் விதிக்கு அடிப்படை இதுவே. அடிப்படையை விட்டு விதியை மட்டும் பிடித்துக்கொண்டவர், பிகேஏ 6.1 கொண்ட பைகார்பனேட் அமைப்பு 7.4 பிஎச் உள்ள இரத்தத்தில் எவ்வாறு பயன்படுகிறது என்ற கேள்வியின் முன் திகைத்து நிற்கிறார். இருபதுக்கு ஒன்று என்ற விகிதத்தைச் சமன்பாடு சரியாகவே தருகிறது. ஆனால் மூடிய குடுவையில் வலுவற்றதாகிவிடும் இவ்வமைப்பு, உருவாகும் கார்பன் டைஆக்சைடை நுரையீரல் வெளியேற்றிக்கொண்டே இருப்பதால்தான் உடலில் திறம்பட இயங்குகிறது என்பதை அவ்விகிதத்தில் காண முடியாது.

தாங்கல் திறனின் வரையறை பாடநூலில் இடம்பெற்றால் மட்டும் இக்குறை தீராது. கணக்குகள் விகிதத்தையே சுற்றி வரும் வரை மாணவரும் அதையே பாடமாகக் கொள்வர். ஆகவே, கரைசலின் பிஎச் என்ன என்று கேட்கும் ஒவ்வொரு வினாவின் அடியிலும், அதனை ஓர் அலகு குறைக்க எத்தனை மோல் அமிலம் வேண்டும் என்ற இரண்டாம் வினாவையும் வினாத்தாள் அமைப்போர் சேர்த்தாக வேண்டும்.