முப்பதுன்னு யார் சொன்னது?

இரும்பையிலிருந்து வடக்கே மரக்காணம் போனால் உப்பளம். பாத்தித் தண்ணி ஏறக்குறைய 25 பாமே டிகிரியைத் தொட்டால் உப்பு படிய ஆரம்பிக்கும். அந்த எல்லை இயற்கை போட்டது. கண்ணசைவுத் தரவில் நாம் போடும் 30 அப்படி இல்லை.

படிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவும், நிற்கும், மறுபடி தாவும். ஒரு தாவல் சுமார் 30 மில்லிவினாடி. வேகம் வினாடிக்கு 30 டிகிரியைத் தாண்டினால் தாவல், இல்லையென்றால் நிலைப்பு. பல மென்பொருள்களில் இதுதான் வரும்போதே இருக்கும் அமைப்பு. ரொம்ப நாள் நானும் அதைத் தொட்டதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்க. 60 ஹெர்ட்ஸ் கருவியில் இரண்டு அளவீட்டுக்கு நடுவே சுமார் 17 மில்லிவினாடி. அதற்குள் கருவி அரை டிகிரி பிசகினாலே வேகம் 30. கண் அசையவே இல்லை, ஆனால் தாவல்னு பதிவாகிடும். 1000 ஹெர்ட்ஸில் 0.03 டிகிரி பிசகே போதும். அதனாலதான் பக்கத்து அளவீடுகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள்.

2003இல் எங்பெர்ட்டும் கிளீகலும் மாற்று வழி சொன்னார்கள். அவரவர் தரவின் வேகச் சிதறலை இடைநிலை வழியாக அளந்து, அதன் 6 மடங்கை எல்லையாக வை. நல்ல யோசனை. ஆனால் இரைச்சல் கூடிய ஆளுக்கு எல்லையும் கூடும், சின்னத் தாவல்கள் காணாமல் போகும். அப்புறம் முதியோருக்கும் இளையோருக்கும் வித்தியாசம்னு வரைபடம் போடறோம். வித்தியாசம் கண்ணிலா, கணக்கிலா?

2017இல் ஆண்டர்சன் குழு 10 வழிமுறைகளை ஒப்பிட்டது. அசையும் புள்ளி, வீடியோ என்று வந்ததும் அவை தடுமாறின. நேர்மையான கட்டுரைதான். என் குறை ஒன்றே: உரைகல்லாக வைத்தது இரண்டு பேர் கையால் போட்ட குறிப்பு. அடுத்த வருஷம் ஹூகே குழு 12 அனுபவசாலிகளிடம் ஒரே தரவைக் கொடுத்தபோது, அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

தமிழுக்கு இது சில்லறை விஷயம் இல்லை. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' மாதிரிச் சொல்லுக்குள்ளேயே கண் இரண்டு மூன்று தடவை சின்னதாகத் தாவலாம். எல்லை அதைத் தவறவிட்டால் இரண்டு நிலைப்பு ஒட்டி ஒரே நீண்ட நிலைப்பாகிவிடும். தவறு நம்ம எல்லையில். 'இந்தப் பிள்ளை திணறுகிறது'ன்னு அறிக்கை எழுதுவோம்.

அதனால் இப்போ ஒரே தரவை 20, 30, 40 என்று மூன்று எல்லையில் ஓட்டிப் பார்க்கிறேன். மூன்றிலும் நிற்கிற முடிவை மட்டும்தான் எழுதுகிறேன். பக்கம் குறைஞ்சிடுச்சு. பரவாயில்லை.