'சுழல்' புரிய ஒரு காலண்டர் போதும்

சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் ஓவியத்தை ஒரு பாடமாக எடுத்தால் எழுத்துத் தேர்வு 30 மதிப்பெண், செய்முறை 70. எழுத்துத் தேர்வுக்கான என்சிஇஆர்டி நூல், ராஜஸ்தானி, முகலாயச் சிற்றோவியங்களில் தொடங்கி நவீன காலம் வரை வருகிறது. இந்த நூல் மீது எனக்கு ஒரு பாராட்டும் ஒரு குறையும் உண்டு.

பாராட்டு முதலில். அச்சுப்படத்தை ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் பக்கத்தில் சமமாக உட்கார வைத்திருக்கிறார்கள். சோம்நாத் ஹோரின் 'குழந்தைகள்' (1958), கிருஷ்ணா ரெட்டியின் 'சுழல்' (1963), ஜோதி பட்டின் 'தேவி' (1970) என்று நல்ல தேர்வுகள்.

குறை என்னன்னா, ஓவியப் பாடத்தின் செய்முறை முழுக்கத் தூரிகை வேலைதான். அச்சு வேலைக்கு கிராஃபிக்ஸ் என்று தனிப் பாடம் இருக்கு. அதனால் ஓவிய மாணவர் அச்சு மையைத் தொடாமலே 'சுழல்' பற்றிப் பதில் எழுதணும். 'விஸ்காசிட்டி முறை' என்று மனப்பாடம் பண்ணி எழுதினால் மார்க் கிடைத்துவிடும். ஆனால் கிருஷ்ணா ரெட்டி செய்ததில் என்ன அதிசயம் என்று கேட்டால் பதில் வராது.

அந்த அதிசயத்தை விளக்கும் பொருள் நம்ம ஊர் வீட்டுச் சுவரிலேயே தொங்குது. கோவில்பட்டி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்த சி. கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில் தங்கி வரைந்த சாமி படங்கள், சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் போயின. அவருடைய சீடர்களும் அதே வழியில் வரைந்தார்கள்.

இன்றைய காலண்டர் படம் ஒன்றை எடுத்து லென்ஸ் வைத்துப் பாருங்க. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிப் பிளேட். பழைய லித்தோவில் நிறத்துக்கு ஒரு கல். ஒன்று கொஞ்சம் விலகினாலும் முருகன் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு வந்துவிடும். நிறம் கூடக் கூட பிளேட்டும் கூடும்.

இதைப் பார்த்த பிறகு 'சுழல்' படத்துக்கு வாங்க. அங்கே இருப்பது ஒரே தகடு. அதை வெவ்வேறு ஆழங்களில் செதுக்கி, எண்ணெய் அதிகம் சேர்ந்த இளகிய மை, குறைவாகச் சேர்ந்த கெட்டி மை என்று தனித்தனியாகக் கலக்கிறார்கள். கடினமான ரோலர் மேட்டை மட்டும் தொடும், மிருதுவான ரோலர் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். பிசுபிசுப்பு வேறுபடுவதால் ஒரு மை இன்னொன்றோடு கலக்காமல் விலகி நிற்கும். அத்தனை நிறமும் ஒரே அழுத்தில் தாளில் ஏறும். காலண்டர் நான்கு பிளேட்டில் செய்வதை இவர் ஒரே தகட்டில் செய்தார் என்று சொன்னால், பதினேழு வயசுப் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்.

காலண்டர் படமெல்லாம் கலையா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. கொண்டையராஜுவின் மூலம் கையால் வரைந்த ஓவியம். காலண்டர் அதன் நகல். 'சுழல்' படத்துக்கு அப்படி வேறொரு மூலம் கிடையாது. கலைஞர் தகட்டிலேயே யோசித்தார், தாளில் விழுந்ததுதான் படைப்பு. அச்சுக்கலை பற்றி ஒரு மாணவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமே இந்த வித்தியாசம்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். நெல்லைப் பக்கம் இந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் ஒரு பழைய காலண்டர், ஒரு லென்ஸ், செதுக்க ஒரு துண்டு லினோலியம் கொண்டுபோனால் போதும். ஒரு பீரியடில் பிள்ளைகள் கையில் மை ஒட்டும். அதற்குப் பிறகு புத்தகத்தின் அந்தப் பக்கங்களைத் திறக்கட்டும்.