நீக்கிப் பார்க்காத வரிகள்

2025 பிப்ரவரியில் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் கோட் வந்தது. அதே ஆண்டில் ஓபன்ஏஐயின் கோடெக்ஸும் கூகுளின் ஜெமினி சிஎல்ஐயும் வந்தன. டெர்மினலைத் திறந்து, தாமே கட்டளைகளை இட்டு, நிரலைத் திருத்தி, சோதனை ஓட்டிப் பார்க்கும் ஏஜென்ட்கள் இவை. இவற்றோடு ஒரு வழக்கமும் பரவியது. திட்டத்தின் முதன்மைக் கோப்புறையில் ஏஜென்ட் படிப்பதற்கென்றே ஒரு குறிப்புக் கோப்பை வைக்கிறார்கள். கிளாட்.எம்டி, ஜெமினி.எம்டி என ஆளுக்கொரு பெயர் இருந்த நிலையில், ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற பொதுப்பெயர் இப்போது பரவலாகிவிட்டது.

இந்தக் கோப்புகளால் விளைந்த பெரிய நன்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்தக் கோப்புறையில் கை வைக்கக் கூடாது, எந்தச் சோதனையை முதலில் ஓட்ட வேண்டும், தரவுத்தள மாற்றத்தை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதெல்லாம் பல குழுக்களில் மூத்த நிரலாளர் ஒருவரின் தலைக்குள் மட்டுமே இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர் அவரைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார். அந்த அறிவு இன்று எழுத்தில் வந்து, கிட் வரலாற்றில் ஏறியிருக்கிறது. ஒரு வரியை யார் சேர்த்தார், எப்போது சேர்த்தார் என்று பார்க்க முடிகிறது. ஏஜென்ட்டே இல்லாவிட்டாலும் இது லாபம்தான்.

இந்தக் கோப்புகள் நல்லவையா என்று முடிவுசெய்யும் முறையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கோப்பை இன்னொரு மொழி மாதிரியிடம் கொடுத்து, தெளிவு, கட்டமைப்பு, எடுத்துக்காட்டு என்று தலைப்புவாரியாக மதிப்பெண் போடச் சொல்வது எளிய வழி. செலவு குறைவு, சில நொடிகளில் முடிந்துவிடும். ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு வரிகளை அது நன்றாகவே பிடித்துக் கொடுக்கும். ஆனால் அது அளப்பது கோப்பின் தோற்றத்தை. ‘தரமான நிரல் எழுது’, ‘பிழைகளைக் கவனமாகக் கையாள்’ போன்ற வரிகள் அழகான தலைப்புகளின் கீழ் இருந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த வரிகளைப் படிப்பதால் ஏஜென்ட்டின் வேலையில் ஏதேனும் மாறுகிறதா என்ற கேள்வி எழுவதே இல்லை.

வாசிப்பில் தப்பிவிடும் பிழை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பைத்தான் சோதனைக் கருவியான பைடெஸ்ட் நீளமாக வெளியீடு தரும். டோக்கனை மிச்சப்படுத்த, அந்த வெளியீட்டைக் குழாய்வழி டெயில் கட்டளைக்கு அனுப்பிக் கடைசி இருபது வரிகளை மட்டும் காட்டு, வெற்றி என்றால் உடனே கமிட் செய் என்று ஒரே கட்டளையாகக் கோப்பில் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிக்கனமான யோசனையாகத் தெரியும். ஆனால் பாஷ் ஷெல்லில், வேறு ஏற்பாடு செய்யாதவரை, குழாயில் கடைசியாக நிற்கும் கட்டளையின் முடிவுக் குறியீடுதான் முழு வரிக்கும் முடிவு. சோதனைகள் தோற்றாலும் டெயில் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டதால் 0 வரும். 0 என்றால் வெற்றி. உடைந்த நிரல் கமிட் ஆகிவிடும். பைப்ஃபெயில் என்ற அமைப்பை முதலில் இயக்கியிருந்தால் இது நடக்காது.

இன்னொன்று, கோப்பை நேரடியாகத் திருத்தும் செட் (sed) கட்டளை. லினக்ஸில் ஓடும் வடிவம் மேக் கணினியில் அப்படியே ஓடாது. கிரெப் கட்டளையோ, தேடிய சொல் கிடைக்காவிட்டாலே 1 என்ற முடிவுக் குறியீட்டைத் தரும். அது பிழையன்று, ‘இல்லை’ என்ற பதில். இதை விளக்கும் ஒரே ஒரு வரி, பொதுவான பத்து அறிவுரைகளைவிடப் பயன்படும்.

ஆகவே ஓட்டிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. வழிமுறைக்கு முன்மாதிரி இருக்கிறது. 2023இல் வெளியான எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் என்ற மதிப்பீட்டுத் தொகுப்பு, 12 பைத்தான் திட்டங்களிலிருந்து உண்மையான 2,294 பிழை அறிக்கைகளை எடுத்து, தீர்வைத் திட்டத்தின் சோதனைகளாலேயே சரிபார்த்தது. ஒரு குழு தன் பழைய கமிட்களை வைத்து இதைச் சிறிய அளவில் செய்யலாம். பிழை திருத்தப்படுவதற்கு முந்தைய நிலைக்குப் போய், அறிக்கையை மட்டும் ஏஜென்ட்டிடம் கொடுத்து, குறிப்புக் கோப்போடு சில முறையும் அது இல்லாமல் சில முறையும் ஓட்ட வேண்டும். ஒரே பணியை ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் செய்யும் என்பதால் ஒரு ஓட்டம் எதையும் நிரூபிக்காது. முடிவோடு வழியையும் பார்க்க வேண்டும். தொடக் கூடாத கோப்பைத் தொட்டுச் சரியான விடைக்கு வந்த ஓட்டத்தை வெற்றிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. பணம் செலவாகும். பத்துப் பணிகளில் தெரியும் வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். அந்தப் பணிகளுக்கே பொருந்துமாறு கோப்பை வளைத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. மாதிரி மாறினால் முடிவும் மாறும். பழைய மாதிரிக்கு ஊன்றுகோலாக இருந்த வரி புதியதற்குச் சுமையாகலாம். இத்தனைக்குப் பிறகும், ஒரு வரி பயன்படுகிறதா என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தடை வரிகளுக்கு இந்தச் சோதனை போதாது. 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜென்ட், நிரலில் எந்த மாற்றமும் கூடாது என்று பயனர் சொல்லியிருந்தும், பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. ஐம்பது ஓட்டங்களில் ஒரு தடை மீறப்படவில்லை என்பதால் ஐம்பத்தோராவதில் மீறப்படாது என்று ஆகாது. அழிக்கக் கூடாத தரவுத்தளத்தின் கடவுச்சொல் ஏஜென்ட்டின் கைக்கு எட்டவே கூடாது. முதன்மைக் கிளைக்கு வலிந்து புஷ் செய்வதைச் சேவையகம் மறுக்க வேண்டும். ‘ஒருபோதும்’, ‘எக்காரணம் கொண்டும்’ என்று அழுத்தி எழுதியதற்கு மதிப்பெண் தரும் எந்த மதிப்பீடும், பூட்டு போட வேண்டிய இடத்தில் அறிவிப்புப் பலகையைப் பாராட்டுகிறது. இதை ஆபத்து என்றே சொல்வேன்.

குறிப்பிட்ட பணிக்கான குறிப்புகளைத் தனியே வைக்க 2025 அக்டோபரில் அறிமுகமான ஸ்கில்.எம்டி கோப்புகளுக்கு இன்னொரு சோதனை தேவை. தொடக்கத்தில் ஏஜென்ட் பார்ப்பது பெயரையும் சிறு விவரிப்பையும் மட்டுமே. பொருந்தும் என்று தோன்றினால்தான் உள்ளடக்கத்தைத் திறக்கும். விவரிப்பு மங்கலாக இருந்தால் உள்ளே எவ்வளவு நல்ல குறிப்பு இருந்தும் அது திறக்கப்படாமலே கிடக்கும். ஆகவே திறக்க வேண்டிய பணிகளையும், அவற்றைப் போலவே தோன்றினாலும் திறக்கக் கூடாத பணிகளையும் கலந்து கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது வகையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

மாதிரியே தேவைப்படாத ஒரு சோதனையும் இருக்கிறது. கோப்பில் எழுதியிருக்கும் சோதனை, கட்டமைப்புக் கட்டளைகளை எடுத்து, புதிய கன்டெய்னர் ஒன்றில் தினமும் ஓட்டினால் போதும். பெயர் மாறிய ஸ்கிரிப்ட், நகர்ந்துவிட்ட கோப்புறை, நீக்கப்பட்ட சோதனை எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். ஒரு டோக்கன்கூடச் செலவில்லை. நிரலின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானியங்கிச் சோதனை வைத்திருக்கும் குழுக்கள், ஏஜென்ட் நம்பிச் செயல்படும் இந்தக் கோப்புக்கும் அதை இந்த வாரமே நீட்டிக்கலாம்.