மீட்டும் விரல்

வீணைக் கச்சேரி கேட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள் எல்லோரும் இடது கையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். "என்ன கமகம், என்ன இழைப்பு!" என்று மாய்ந்துபோகிறார்கள். வலது கையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. மாப்பிள்ளையைப் புகழ்கிறவர்கள் சமையற்காரரை மறந்துவிடுவதைப் போல என்று எழுத வந்தேன். அது சரியல்ல; கல்யாணத்தில் சமையற்காரரைப் பற்றித்தானே அதிகம் பேசுகிறோம்?

நான் சங்கீத வித்வான் அல்ல. என் அக்கா பத்து வருஷம் வீணை கற்றுக்கொண்டாள். நான் பரீட்சைக்குப் படிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டேன். என் யோக்கியதை அவ்வளவுதான். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாள் மெட்டில் விரல் தவறினால்கூடப் பொறுத்துக்கொள்வார். மீட்டில் தவறினால் மட்டும் பொறுக்கமாட்டார். "முதல்லே பாடுடீ. சாகித்யத்திலே எழுத்து எங்கே விழறதோ அங்கே மீட்டு. மத்த எடத்திலே கையைக் கட்டிண்டு இரு" என்பார்.

இந்தக் கட்டளைக்கு வீணையின் சுபாவமே காரணம். பாடுகிறவர் ஒரு ஸ்வரத்தை மெல்லத் தொடங்கி வளர்க்கலாம். வயலின்காரரும் வில்லை அழுத்தி வளர்க்கலாம். வீணையில் அது நடவாது. மீட்டிய கணத்தில் நாதம் முழு வயதோடு பிறக்கிறது. பிறந்த கணத்திலிருந்தே தேய்கிறது. ஆகவே அரை நூல் முந்தினாலும் பிந்தினாலும் மறைக்க இடமில்லை. கமகம் என்பதோ, தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மீட்டில் இரண்டு மூன்று ஸ்வரங்களை வாங்குவது. நடுவில் அவசரப்பட்டு இன்னொரு மீட்டுப் போட்டால், ஒரு வார்த்தையை இரண்டாக ஒடித்துப் படித்தது போல ஆகிவிடும்.

இதிலே இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. இதைக் கண்டுகொள்ள எனக்கு வெகு காலம் ஆயிற்று. மீட்டுவதற்கு முன் விரல் தந்தியைத் தொட்டாக வேண்டும் அல்லவா? தொட்ட மாத்திரத்தில் முந்தைய நாதம் செத்துவிடுகிறது. விரலை முன்கூட்டியே தந்தியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறவருடைய வாசிப்பில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஓர் இடைவெளி விழும். காலப் பிரமாணம் துல்லியமாகத்தான் இருக்கும், ஆனால் பாட்டு தந்தி வாசகம் போலக் கேட்கும். கடைசிக் கணம் வரையில் விரலை விலக்கி வைத்திருக்கிறவரிடம் பழைய நாதத்தின் வால் புதிய நாதத்தின் தலையைத் தொடுகிறது. கச்சேரியில் நாம் "குழைவு" என்று சொல்வதில் பாதி இந்தப் பொறுமைதான் என்பது என் அபிப்பிராயம்.

நகமா, சதையா, கம்பி வளையமா என்ற வழக்கு வேறு இருக்கிறது. சதை உருண்டையான நாதம் தரும். நகம் விளிம்பு கட்டும். கம்பி பளிச்சென்று தூரத்துக்குப் போகும். இது நம்முடைய குடும்ப வழக்கு மட்டுமல்ல. ஸ்பெயின் தேசத்துக் கிதார் வித்வான் பெர்னாண்டோ சோர் (1778–1839) நகமில்லாமல் விரல் நுனியால் மீட்டினார்; அவருடைய நண்பர் டியோனிசியோ அகுவாடோ (1784–1849) நகத்தால் மீட்டினார். சிநேகம் கெடவில்லை, இருவரும் சேர்ந்து வாசிக்க சோர் ஒரு ஜோடி உருப்படியே எழுதினார். பின்னால் வந்த தர்ரேகாவோ (1852–1909) வயதான காலத்தில் நகத்தை வெட்டிக்கொண்டு சதைக் கட்சியில் சேர்ந்துவிட்டார். எந்தப் பொருளால் மீட்டினாலும் இடம் ஒன்று இருக்கிறது: குதிரையை நெருங்க நெருங்க நாதம் மெலிந்து கூர்மையாகும், விலக விலகப் பருமனாகும். இதை அறிந்து கையை இரண்டு அங்குலம் நகர்த்துகிறவர்கள் வெகு சிலர்.

வீணை தனம்மாளை (1867–1938) நான் கேட்டதில்லை. 1930களில் பதிவான இசைத்தட்டுகளைத்தான் கேட்டிருக்கிறேன். கரகரவென்ற இரைச்சலுக்குப் பின்னால் சின்ன நாதம். முதல் தடவை கேட்டபோது ஏமாற்றமாகவே இருந்தது. இரண்டாவது தடவை, என்னை அறியாமல் காதை ஒலிபெருக்கியின் பக்கமாகக் கொண்டுபோயிருந்தேன். மீட்டுக்கள் மிகக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தெரிகிறது. ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வித்வான்களே வந்து மூச்சுவிடாமல் கேட்டார்கள் என்கிறார்களே, அது மரியாதையினால் மட்டும் இருக்க முடியாது. மூச்சுவிட்டால் காதில் விழாது!

இதைக் கேட்டபின் நான் ஒரு கட்சிக்காரனாகிவிட்டேன். குறைந்த மீட்டே உயர்ந்த சங்கீதம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சாதித்துக்கொண்டு திரிந்தேன். ஸ்வரத்துக்கு ஸ்வரம் தெளிவாக மீட்டுகிற மைசூர் பாணியை இரண்டு வாக்கியத்தில் தள்ளிவிட்டேன். என் கட்சியைக் கவிழ்த்தது தானம். காரைக்குடி சகோதரர்களில் இளையவரான சாம்பசிவ ஐயருடைய (1888–1958) தானத்தை அக்கா ஒரு நாள் ஒலிப்பதிவில் போட்டுக்காட்டினாள். அங்கே மீட்டு மழையாகக் கொட்டுகிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி விழ, சுண்டுவிரல் பக்கத்துத் தாளத் தந்திகளைத் தட்டி இடுக்குகளை நிரப்புகிறது. தாளச் சுற்று கிடையாது. ஆனால் நடை இருக்கிறது. இரண்டு விரல்களுக்கும் பலம் ஒன்றல்ல என்பதையே அவர் அழுத்தமாக மாற்றிக்கொள்கிறார் என்று எனக்குப் பட்டது. "இதிலே எதை எடுத்துடுவே, சொல்லுடா" என்றாள் அக்கா. ஒன்றையும் எடுக்க முடியவில்லை. மைசூர்க்காரர்களிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆனாலும் என் குறை ஒன்று தீரவில்லை. சென்ற வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில் வீணை கேட்டேன். வாத்தியத்தின் மேலேயே ஒலிவாங்கியை ஒட்டியிருந்தார்கள். தொட்டால் இடி. தொடாவிட்டாலும் நாதம் தேயாமல் நின்றுகொண்டே இருந்தது. வாசித்த பெண் கெட்டிக்காரி. இடது கை சுத்தம். ஆனால் மெதுவான மீட்டு, அழுத்தமான மீட்டு என்ற பேதமே காதுக்கு எட்டவில்லை; எல்லாம் ஒரே உயரம். அவள் விரல் நுனியால் செய்ததையெல்லாம் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் குமிழைத் திருப்பி அழித்துக்கொண்டிருந்தார். தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு புறப்படும்போது, மேடைக்குப் பின்புறம் மறுபடி வீணை கேட்டது. கம்பியைக் கழற்றிவிட்டுச் சுருதி சரிபார்க்கிறாளோ, தனக்காகவே வாசிக்கிறாளோ, தெரியாது. பாதிப் பல்லவி இருக்கும். பந்தியில் இலை எடுக்கும் சத்தத்துக்கு நடுவே, சுவரோரமாக நின்று அதைக் கேட்டேன்.