கேளாமையும் மொழியுரிமையும்: தமிழ் இலக்கியத்தையும் திரைப்படத்தையும் முன்வைத்துச் சில குறிப்புகள்

1

கேளாமை ஓர் ஊனமா என்னும் வினா மருத்துவர்க்கும் சமூகசேவையாளர்க்குமே உரியது என்று நம்மிடையே பொதுவாகக் கருதப்படுகிறது. இலக்கிய மாணவர் அதில் தலையிட என்ன இருக்கிறது என வினவுவோரும் உளர். ஆயின் ஊனம் எது, நிறைவு எது என்ற வரையறைகள் மொழியினூடாகவே சமூகத்தில் நிலைபெறுகின்றன. அவற்றைப் பழமொழியும் பாட்டும் கதையும் திரைப்படமும் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கின்றன. எனவே இவ்வினா இலக்கியத் திறனாய்வின் எல்லைக்குள்ளும் அடங்குவதே.

இக்கட்டுரைக்கு உடனடித் தூண்டுகோலாக அமைந்தது, இக்கட்டுரையாளர் வசிக்கும் பாமன்கடையில் அயல்வீடொன்றில் எழுந்த விவாதம். இரண்டு வயது நிரம்பாத ஆண் குழந்தைக்குச் செவிப்புலன் இல்லை என்பது உறுதியாயிற்று. வெளிநாட்டிலிருந்த பெரியப்பா உடனே கொக்ளியர் உள்வைப்புச் சத்திரசிகிச்சை செய்யும்படியும், பணம் தாம் அனுப்புவதாகவும் கூறினார். குழந்தைக்குச் சைகை மொழி கற்பிக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது, "பிள்ளையை ஊமையாக்கப் போறியளோ?" என்று பாட்டி அழுதார். அந்த ஒரு வாக்கியத்திலே நமது பண்பாட்டின் நீண்டதொரு வரலாறு பொதிந்திருந்தது. அதனை விளங்கிக்கொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

புறநானூற்றின் 28ஆம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடியது. மனிதப் பிறவியில் நேரும் எட்டு வகையான 'எச்சங்க'ளை அது நிரற்படுத்துகிறது. குருடும் கூனும் குறளும் இடம்பெறும் அவ்வரிசையில் ஊமும் செவிடும் வெவ்வேறாகவே எண்ணப்படுகின்றன. பிற்காலத்தில் இவ்விரண்டும் ஒன்றாய்ப் பிணைக்கப்பட்டதை நோக்கும்போது, பழம்புலவரின் பகுப்பு நுட்பமானது என்றே கொள்ளவேண்டும். ஆனால் இப்பிறவிகளால் 'ஊதியம்' இல்லை என முன்னோர் கூறியதாகவும் அப்பாட்டு எடுத்துரைக்கிறது. அக்காலத்தில் பயன், பேறு என்ற பொருளிலே வழங்கிய அச்சொல் இன்று கூலியையும் சம்பளத்தையும் குறிக்கிறது. சொற்பொருள் மாறியபோதும் உடலைப் பயன்பாட்டினால் அளக்கும் நோக்கு மாறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒளவையாரின் பெயரால் வழங்கும் தனிப்பாடலொன்றும் கூன், குருடு, செவிடு முதலியன இன்றிப் பிறப்பதை அரிய பேறாகப் போற்றுகிறது.

திருக்குறளின் 42ஆம் அதிகாரம் 'கேள்வி'. செவிவழிப் பெறும் செல்வத்தைச் செல்வங்களுள் தலையாயதென அது கூறுகிறது. இக்கருத்தின் சமூக அடித்தளம் தெளிவானது. சங்கப் பாடல்களை வாய்மொழி மரபின் விளைபொருளாக விளக்கிய பேராசிரியர் க. கைலாசபதியின் 1968ஆம் ஆண்டு ஆங்கில நூல் ஈண்டு நினைவுகூரத்தக்கது. பாணரும் புலவரும் வாயாற் பாட, ஏனையோர் செவியால் ஏற்ற சமுதாயத்தில், ஏடு மிகச் சிலர் கைக்கே எட்டிய காலத்தில், அறிவு வரும் வாயில் செவியே. அதன் உயர்வு அக்காலத்து அறிவுப் பரிமாற்ற முறையிலிருந்து பிறந்தது. கேட்கும் செவியாயினும் கேள்வியறிவால் துளைக்கப்படாவிட்டால் அது செவிட்டுச் செவியே என்று அதே அதிகாரம் கூறுவதும் கருதற்பாலது. இங்குச் செவிடு அறியாமைக்கு உருவகமாகிவிடுகிறது. உருவகமான சொல் மீண்டும் மனிதர்மீது சாத்தப்படும்போது, காது கேளாதவர் அறிவற்றவர் ஆகிவிடுகிறார்.

மறுதலையான ஓர் இழையும் குறளில் உண்டு. 618ஆம் குறள் 'பொறியின்மை' எவர்க்கும் பழியன்று, முயற்சியின்மையே பழி என்கிறது. பரிமேலழகர் 'பொறி' என்பதற்கு விதி எனப் பொருள் கொண்டார். பிற்கால உரைகாரர் சிலரோ உடலுறுப்பு எனக் கொண்டனர். உறுப்புக் குறையை ஊழோடு பிணைத்துக் காண்பதா, அதனினின்றும் விடுவித்துக் காண்பதா என்ற கருத்தியல் முரண்பாடு ஒரே சொல்லின் உரைவேறுபாட்டிலே வெளிப்படுகிறது.

முற்போக்கு எழுத்தாளரும் இவ்விடயத்தில் குற்றமற்றவர் அல்லர். ஆட்சியாளரைச் 'செவிடர்' என்றும், அடக்கப்பட்ட மக்களை 'ஊமைச் சனங்கள்' என்றும் நாம் எத்தனை கவிதைகளில் எழுதியிருக்கிறோம்! அநீதியைச் சுட்ட ஒரு சிறுபான்மையினரின் உடலை வசைச்சொல்லாக்கும் இவ்வழக்கு சுயவிமர்சனத்துக்கு உரியது.

3

திரைப்படத்துக்கு வருவோம். 1972இல் குல்சார் இயக்கிய 'கோஷிஷ்' என்னும் இந்திப் படம், 1961இல் வெளிவந்த யப்பானியப் படமொன்றின் தூண்டுதலால் உருவானது. தமிழில் அது 1977இல் கமலஹாசனும் சுஜாதாவும் நடிக்க 'உயர்ந்தவர்கள்' என வெளிவந்தது. கேளாத இருவர் தம்முள் மணந்து, உழைத்து, குடும்பம் நடத்துவதை மையமாக்கியமை அக்கதையின் சிறப்பு. ஆயினும் அவர்தம் வாழ்வின் மேன்மை துன்பத்தைப் பொறுத்தலிலேயே காட்டப்படுகிறது. தமிழ்த் தலைப்பும் அதனையே சொல்கிறது. உயர்ந்தவர் எனப் போற்றப்பட்டபின் உரிமை கேட்க அவர்களுக்கு இடமில்லை.

2007இல் இராதாமோகன் இயக்கிய 'மொழி' ஒருபடி முன்னேறியது. கேட்கும் ஆண், கேளாத பெண்ணின் மொழியைத் தானே கற்கிறான். தொடர்பு கொள்ளும் பொறுப்பு இருவர்க்கும் உரியது என்ற இக்கருத்து தமிழ்ச் சினிமாவுக்குப் புதியது. நாயகி அர்ச்சனா திருமணத்தை மறுப்பதற்கான காரணமும் உற்றுநோக்கற்பாலது. தனக்குப் பிறக்கும் குழந்தையும் கேளாததாயிருக்கக்கூடும், தன்னைத் தந்தை கைவிட்டதுபோல் அதுவும் கைவிடப்படும் என அவள் அஞ்சுகிறாள். அவள் அஞ்சுவது கைவிடுதலை; அது காதின் செயலன்று, குடும்பம் என்ற சமூக நிறுவனத்தின் செயல். படம் இவ்வுண்மையைத் தொட்டுவிட்டு, காதலனின் நல்ல மனத்தால் அதனைத் தீர்த்துவைக்கிறது. சமூகப் பிரச்சினைக்குத் தனிமனித உத்தமத்தைத் தீர்வாக்குவது நடுத்தர வர்க்கக் கலையின் வழமையான முறையே.

இதற்கு அப்பால் இன்னொரு முரணும் உண்டு. இப்படங்களில் கேளாத பாத்திரங்களை ஏற்றவர்கள் கேட்கும் நடிகர்கள். செவிப்புலனற்ற நடிகையான அபிநயாவோ 2009இல் வெளிவந்த 'நாடோடிகள்' படத்தில் பேசும் பெண்ணாக, இரவற் குரலுடன் தோன்றினார். கேளாமையை நடித்துக் காட்டலாம், ஆனால் கேளாதவர் தம் மொழியோடு திரையில் நிற்கலாகாது என்ற எழுதாச் சட்டம் இதில் புலனாகிறது.

4

இனி உள்வைப்பு பற்றிய விவாதம். செவிநரம்பை மின்னோட்டத்தால் தூண்டும் முயற்சி 1957இல் பாரிசில் யூர்னோ, எய்ரியே ஆகியோரால் மேற்கொள்ளப்பட்டது. 1961இல் அமெரிக்காவில் வில்லியம் ஹவுசும், 1978இல் மெல்பேர்ணில் கிறேம் கிளார்க்கும் அதனை வளர்த்தெடுத்தனர். 1990இல் அமெரிக்க அரசு பல மின்வாய்களைக் கொண்ட சாதனத்தை இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அனுமதித்தது. வெளியே அணியும் கருவி ஒலியை வாங்கிக் குறிகளாக மாற்ற, உட்செவியின் நத்தைச்சுருளினுள் செலுத்தப்பட்ட மின்வாய்கள் நரம்பைத் தூண்டுகின்றன. இயல்பான செவியில் ஏறத்தாழ 3,500 உள்மயிர்க் கலங்கள் செய்யும் வேலையை, கிளார்க்கின் கருவி வகையில் 22 மின்வாய்கள் செய்ய முயல்கின்றன. ஆகவே இது செவியை மீட்டுத் தரும் சிகிச்சையன்று. புதியவகைக் குறிகளை மூளை பொருள்கொள்ளப் பழகவேண்டும். அதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். இளவயதிற் பெற்ற குழந்தைகள் பலர் பேச்சுமொழியை நன்கு அடைந்துள்ளனர் என்பதும், பயன் எல்லார்க்கும் ஒரே அளவில் கிட்டுவதில்லை என்பதும் ஒருங்கே உண்மை.

இதற்கெதிராக எழுந்த குரலும் வலுவானது. 1880இல் மிலானில் கூடிய கல்வி மாநாடு, சைகையை விலக்கிப் பேச்சுவழிக் கற்பித்தலையே விதித்தது. அங்கு வாக்களித்தோர் ஏறக்குறைய அனைவரும் கேட்பவர்கள். அத்தீர்மானத்தால் விளைந்த கேட்டுக்கு முறைப்படி வருத்தம் தெரிவிக்க 2010ஆம் ஆண்டு வான்கூவர் மாநாடு வரை காத்திருக்கவேண்டியிருந்தது. இடையில், 1960இல் வில்லியம் ஸ்டோக்கோ அமெரிக்கச் சைகை மொழிக்குத் தனக்கே உரிய அமைப்பு உண்டென்று நிறுவினார். மொழியென நிறுவப்பட்டபின் அதனைப் பேசுவோர் ஒரு மொழிச் சமூகம் ஆகின்றனர். அமெரிக்கத் தேசியக் கேளாதோர் சங்கம் 1991இல் குழந்தைகளுக்கு உள்வைப்பதை எதிர்த்தது இந்நிலைப்பாட்டிலிருந்தே. 2000இல் அச்சங்கம், பல தெரிவுகளுள் உள்வைப்பும் ஒன்று என ஏற்றுக்கொண்டது.

கேளாமை எப்போது ஊனமாகிறது என்பதற்கு மாதாஸ் வினியாட் என்னும் அமெரிக்கத் தீவு தக்க சான்று. பரம்பரைக் கேளாமை மிகுந்திருந்த அத்தீவில் கேட்போரும் சைகை மொழி அறிந்திருந்தனர் என்பதை நோரா குரோஸ் 1985இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அங்கு கேளாதோர் மீன்பிடித்தனர், பயிர்செய்தனர், மணந்தனர், ஊர்க் காரியங்களில் பங்குகொண்டனர். உடலின் நிலை அதேதான். சமூக உறவு வேறாயிருந்தது. குறைபாடு உடலில் இருக்கலாம், ஊனம் சமூக ஏற்பாட்டினால் உண்டாக்கப்படுகிறது என 1970களின் நடுப்பகுதியில் பிரித்தானிய ஊனமுற்றோர் இயக்கம் முன்வைத்த பொருள்முதல்வாத விளக்கத்துக்கு இது நல்லதோர் உதாரணம்.

5

மார்க்சியர் இங்கே தம் வீட்டையும் கூட்டிப் பெருக்கவேண்டும். மொழி மனிதரிடையேயான உறவின் தேவையிலிருந்து பிறக்கும் நடைமுறை உணர்வு என்று மார்க்சும் எங்கெல்சும் கண்டனர். அந்நோக்கில், குரலால் வந்தால் மட்டுமே மொழி என்பதற்கு இடமேயில்லை. ஆயினும் 1950இல் மொழியியல் பற்றி எழுதிய ஸ்டாலின், சைகையை மொழியென ஏற்க மறுத்து, மிகக் குறுகிய ஆற்றலுடைய துணைக்கருவியாகவே கொண்டார். அது தவறு. அவருக்கு முன்னரே சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி, தொடக்கத்தில் பேச்சுமுறையை ஆதரித்தபோதிலும், 1930களின் தொடக்கத்தில் கேளாத குழந்தைக்குச் சைகை உட்படப் பன்மொழி வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். நாம் பின்பற்றவேண்டிய மரபு வைகோட்ஸ்கியுடையது.

நமது நாட்டில் இவ்விடயம் இன்னும் கூர்மையானது. பாமன்கடையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே சென்றால் இரத்மலானையிலுள்ள கேளாதோர், பார்வையற்றோர் பாடசாலையை அடையலாம். 1912இல் மேரி சப்மன் என்னும் மிசனரிப் பெண்மணி தொடக்கிவைத்த கல்விப் பணியின் தொடர்ச்சி அது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை 1950களில் உருவாயிற்று. தாய்மொழியின்றிக் கல்வியில்லை என்று 1956இலிருந்து குரலெழுப்பி வந்த சமூகம் நாம். அதே சமூகம் தன் கேளாத பிள்ளைகளின் மொழியைக் 'கைகாட்டல்' என்று ஒதுக்குகிறது. நமது இலக்கிய வரலாறுகளிலும் மொழியியற் பாடத்திட்டங்களிலும் அதற்கு இடம் தேடிப்பார்ப்பது நம் கடமை.

சட்டமும் இம்முரணிலிருந்து விடுபடவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல் உளக் குறைபாட்டினால் தன் வாழ்க்கைத் தேவைகளைத் தானே நிறைவுசெய்ய இயலாதவரையே ஊனமுற்றவராக வரையறுத்தது. இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயமோ சமூகத் தடைகளைக் கணக்கிற்கொண்டு, சைகை மொழியை மொழியெனவே கொள்கிறது. இவ்விரு வரையறைகளுக்கும் இடைப்பட்ட தூரமே இன்றைய போராட்டக் களம்.

6

உள்வைப்பை முற்றாக நிராகரிப்பதும், அதனை முழுமையான விடுதலையெனக் கொள்வதும் ஒருதலைப்பட்சமானவை. கேளாதோர் சமூகத்தின் பண்பாட்டைப் பேசுவோர், அச்சமூகமே அருகில் இல்லாத கிராமத்துக் குழந்தையை மறந்துவிடுகின்றனர். அமெரிக்க ஆய்வுகளின்படி கேளாத குழந்தைகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோரின் பெற்றோர் கேட்பவர்கள். அவர்கள் தம் மொழியைப் பிள்ளைக்குத் தர விரும்புவது இயற்கையே. மறுபுறம், தொழில்நுட்பத்தைப் போற்றுவோர் அதன் பொருளாதாரத்தை மறைக்கின்றனர். உலகில் சில நிறுவனங்களே தயாரிக்கும் இச்சாதனம் ஒருமுறை வாங்கி முடியும் பண்டமன்று. பற்றரி, கம்பி, புறக்கருவி என வாழ்நாள் முழுவதும் செலவு தொடரும். 2022இல் டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தபோது, இறக்குமதியைச் சார்ந்த செவி எத்துணை நிலையற்றது என்பதை எவரும் ஊகிக்கலாம். இந்திய மத்திய அரசின் உதவித் திட்டத்தின் கீழ் ஆறு இலட்சம் ரூபா வரை வழங்க வழிசெய்யப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆயின் சத்திரசிகிச்சையோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை.

எல்லாவற்றிலும் அவசரமானது காலம். மொழியைப் பற்றிக்கொள்ளும் குழந்தையின் ஆற்றல் முதல் சில ஆண்டுகளிலேயே மிகுந்திருக்கிறது. பணம் சேரும்வரை, சிகிச்சை பலிக்கும்வரை, எம்மொழியுமின்றிக் குழந்தையை வைத்திருப்பதே உண்மையான ஊனத்தை உண்டாக்குவது. புறநானூறு வேறுபிரித்த செவிடும் ஊமும் அப்போதுதான் ஒன்றாகின்றன. பாட்டியின் அச்சம் நியாயமானது. அதன் காரணத்தை மட்டும் அவர் தலைகீழாகக் கண்டார். ஊமையாக்குவது சைகையன்று, மொழியின்மை.

எனவே உள்வைப்புச் செய்யினும் செய்யாவிடினும் சைகை மொழி முதலிலேயே தொடங்கப்படவேண்டும். பெற்றோர்க்கு அது இலவசமாகக் கற்பிக்கப்படவேண்டும். சாதனத்தின் பராமரிப்பும் பேச்சுப் பயிற்சியும் தமிழில், பொதுச் செலவில் கிடைக்கவேண்டும். முடிவுகள் எடுக்கப்படும் அவைகளில் கேளாதோர் அமரவேண்டும். திறனாய்வாளராகிய நமக்குரிய பணியும் உண்டு. நம் தமிழ்ச் சங்கங்கள் கைதடிக்கும் இரத்மலானைக்கும் சென்று, அங்குப் பிள்ளைகள் கைகளாற் சொல்லும் கதைகளை அவர்தம் இசைவோடு பதிவுசெய்யவேண்டும். தமிழரின் வாய்மொழி இலக்கியத்தைத் தேடித் தொகுத்த தலைமுறையின் வழிவந்தோர்க்கு அது இயலாத காரியமன்று.

அயல்வீட்டுக் குழந்தைக்கு என்ன செய்வதென அவன் பெற்றோர் இன்னும் முடிவுசெய்யவில்லை. ஆனால் தாயும் தந்தையும் இப்போது வாரந்தோறும் சைகை பயில்கின்றனர். பாட்டியும் கூடச் செல்கிறார்.